யாருக்கு ‘இல்லை’ சொல்வது

அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் இன்னொருவருக்காக எழுந்து நின்று வாதாட வக்கீல் பட்டம் கட்டாயமில்லை. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. “அப்ப நீ யாரு, புரோக்கரா?” என்று என் பெரிய மாமா ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டார். பக்கத்து இலைக்காரர்கள் ரசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

என் வேலைக்கு முறையான பெயர் உண்டு: அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி. லாபநோக்கில்லாத ஒரு தொண்டு நிறுவனம், வசதியில்லாதவர்களுக்குக் குடியேற்றச் சட்ட உதவி செய்கிறோம் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்திடம் விண்ணப்பித்து முதலில் தனக்கு அங்கீகாரம் வாங்க வேண்டும். பிறகு தன் ஊழியர்களில் இன்னாருக்கு இந்தச் சட்டம் தெரியும், நடத்தையும் சரி என்று சான்றுகளோடு ஒவ்வொருவருக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்துக்குக் கிடைப்பது 6 வருடம், ஆளுக்கு 3 வருடம். பகுதி அங்கீகாரம் உள்ளவர், குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன் மட்டும் நிற்கலாம். முழு அங்கீகாரம் உள்ளவர் குடியேற்ற நீதிமன்றத்திலும் அதன் மேல்முறையீட்டு வாரியத்திலும் வாதாடலாம். நிறுவனத்தை விட்டு வந்தால் அங்கீகாரமும் கூடவே வராது. தனியாகப் போர்டு மாட்டிச் சம்பாதிக்க வழியில்லை. மாமாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. “கோர்ட்டுல பேசுவேன் மாமா, ஆனா பெருசா ஃபீஸ் வாங்க முடியாது” என்றேன். அவருக்கு என் மேல் இருந்த சந்தேகம் போய்ப் பரிதாபம் வந்தது.

நான் திருநெல்வேலியில் சட்டம் படித்தவள். பாளையங்கோட்டை கோர்ட்டில் சீனியர் ஒருவரிடம் கட்டு தூக்கியதோடு அந்த வாழ்க்கை முடிந்தது. கல்யாணம், ஹெச்-4 விசா, நியூ ஜெர்சி. ஹெச்-1பி வேலை விசா வைத்திருப்பவரின் மனைவி வேலை பார்க்கக் கூடாது என்ற நிலை 2015 மே மாதம் ஒரு விதி வந்த பிறகுதான், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியவர்களுக்கு மட்டும், மாறியது. வேலை அனுமதி அட்டை கைக்கு வந்ததும் நான் சேர்ந்தது ஒரு சிறிய சட்ட உதவி அலுவலகத்தின் முன்மேஜையில். போன் எடுப்பது, தபால் பிரிப்பது, ஃபைல் எண் போடுவது. இன்றைக்கும் புதிதாகச் சேருகிறவர்களை முதலில் தபால் பிரிக்கத்தான் வைக்கிறேன். இந்தத் தொழிலில் ஒருவருடைய வாழ்க்கை தலைகீழாவது பெரும்பாலும் ஒரு உறைக்குள்தான் வந்து சேர்கிறது. ஹியரிங் தேதி மாறியிருக்கும். வீடு மாறியவர் 5 வேலை நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அதற்கான படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். ஆள் வராவிட்டால் நீதிபதி அன்றே நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிடலாம். கேஸ் எவ்வளவு பலமானது என்பதை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

வக்கீல் அல்லாதவர் ஏன் அனுமதிக்கப்படுகிறார் என்றால், வக்கீல்கள் போதாது என்பதால்தான். அமெரிக்க சினிமாவில் போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டும்போது சொல்லும் வசனம் எல்லோருக்கும் தெரியும்: வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசே வைத்துத் தரும். அது குற்ற வழக்குக்கு. நாடுகடத்தல் வழக்கு சிவில் கணக்கில் வருகிறது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசுக்குச் செலவில்லாமல் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் உட்கார்ந்திருப்பார். மேடையில் இருக்கும் குடியேற்ற நீதிபதியும் நாம் நினைக்கிற மாதிரியான சுதந்திர நீதிபதி அல்ல. 1983-ல் நீதி அமைச்சகத்துக்குள் அமைக்கப்பட்ட ஓர் அலுவலகத்தின் ஊழியர். அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் விரும்பினால் ஒரு வழக்கைத் தானே எடுத்துத் தீர்ப்பை மாற்றி எழுதலாம். இந்த ஏற்பாட்டில் 4 வயதுக் குழந்தையும் தனியாக நிற்கலாம், நிற்கிறது. குழந்தைகளுக்கு வக்கீல் கேட்டுத் தொடர்ந்த ஒரு வழக்கில் மூத்த குடியேற்ற நீதிபதி ஒருவர், 3 வயது 4 வயதுக் குழந்தைகளுக்கே தன்னால் குடியேற்றச் சட்டத்தைக் கற்றுக்கொடுக்க முடிந்தது என்று சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில் சொன்னார். 2016-ல் அது செய்தியானது. எனக்கு அந்தச் சட்டம் புரிய வருடங்கள் ஆயின. அந்தக் குழந்தைகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வக்கீல் இருந்தால் என்ன வித்தியாசம் என்பதைப் பேராசிரியர் இங்ரிட் ஈக்லியும் ஸ்டீவன் ஷேஃபரும் 2015-ல் கணக்கெடுத்துக் காட்டினார்கள். 2007 முதல் 2012 வரை முடிந்த 12 லட்சம் வழக்குகளை எடுத்துப் பார்த்ததில் 37 சதவீதம் பேருக்குத்தான் வக்கீல் இருந்தார். தடுப்புக் காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம். வக்கீல் இருந்தவர்கள் ஜாமீன் கேட்டதும் நாடுகடத்தலிலிருந்து நிவாரணம் பெற்றதும் பல மடங்கு அதிகம். இதை ஒரு வழக்கமான வாதத்தால் மறுக்கலாம்: பலமான கேஸ் உள்ளவர்களைத்தானே வக்கீல்கள் பொறுக்கி எடுக்கிறார்கள், ஜெயிக்காமல் என்ன செய்யும்? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நியூயார்க்கில் கிடைத்தது.

ராபர்ட் காட்ஸ்மன் என்று ஒரு நீதிபதி. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தார், 2021-ல் காலமானார். குடியேற்ற வழக்குகள் மேல்முறையீடாக அவர் மேஜைக்கு வரும்போது கீழே வக்கீல் இல்லாமலோ, இருந்தும் இல்லாத மாதிரியோ கெட்டுப் போயிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். அது தன் வேலை இல்லை என்று விட்டிருக்கலாம். வக்கீல்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லோரையும் கூட்டி ஒரு ஆய்வுக் குழு அமைத்தார். அதிலிருந்து இரண்டு காரியங்கள் முளைத்தன. ஒன்று, 2013-ல் நியூயார்க் மாநகர மன்றம் கொடுத்த 5 லட்சம் டாலரில் தொடங்கிய திட்டம். வேரிக் தெரு நீதிமன்றத்தில் தடுப்புக் காவலிலிருந்து வருகிறவர், வசதியில்லாதவர் என்றால் போதும். கேஸ் பலமா பலவீனமா என்று பார்க்காமல் ஒரு வக்கீல் கிடைப்பார். பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. வீரா என்ற ஆய்வு நிறுவனம் 2017-ல் மதிப்பீடு செய்தபோது, முன்பு அங்கே வக்கீல் இல்லாமல் ஜெயித்தவர்கள் 4 சதவீதம் என்றும், இந்தத் திட்டத்தில் 48 சதவீதம் பேர் ஜெயிப்பார்கள் என்றும் கணக்குக் காட்டியது. பொறுக்காமல் எடுத்த கேஸ்களில் கிடைத்த எண் அது.

இன்னொன்று, 2014-ல் தொடங்கிய இமிக்ரன்ட் ஜஸ்டிஸ் கோர். சட்டக் கல்லூரி முடித்தவர்களோடு, வெறும் இளங்கலை முடித்தவர்களையும் எடுத்து, பயிற்சி கொடுத்து, என்னைப்போல அங்கீகாரம் வாங்க வைக்கிறார்கள். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் மிஷேல் பிஸ்டோன் 2020-ல் தொடங்கிய இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பும் இதே நோக்கம்தான். இதற்கெல்லாம் முன்பே, 1986-ல் சுமார் 27 லட்சம் பேருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்த சட்டம் வந்தபோது தேவாலயங்களின் பின்னறைகளில் படிவம் நிரப்பிய தொண்டர்களிலிருந்து ஒரு தலைமுறையே உருவானது. கத்தோலிக்க ஆயர்கள் 1988-ல் தொடங்கிய ‘கிளினிக்’ என்ற குடியேற்றச் சட்ட உதவி வலையமைப்புதான் இன்றும் என்னைப் போன்றவர்களுக்குத் தாய்வீடு. அந்த 1986 சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் நியூவார்க் நகரத்து எம்.பி. பீட்டர் ரோடினோ. நியூவார்க் பிராட் தெருவில் என் கிளையண்டுகள் தொண்டை வறண்டு ஏறிப்போகிற கூட்டாட்சி அலுவலகக் கட்டடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கேஸைச் சொல்ல வேண்டும். என்னுடையது அல்ல, உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பொது ஆவணமாகிவிட்டது. விஜயகுமார் துரைசிங்கம், இலங்கைத் தமிழர். 2017 பிப்ரவரியில் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். 1996 சட்டம் கொண்டுவந்த விரைவு நாடுகடத்தல் முறைக்குள் போட்டார்கள். அந்த முறையில் ஒரேயொரு வாசல் உண்டு: ஊருக்குத் திரும்பப் பயமாயிருக்கிறது என்று சொன்னால் ஒரு அதிகாரி பேட்டி எடுப்பார். பயம் நம்பத்தக்கது என்று அவர் எழுதினால் முழு வழக்கு நடக்கும். இல்லையென்றால் அவ்வளவுதான். துரைசிங்கம் தன்னைச் சிலர் கடத்திக் கொண்டுபோய்க் கடுமையாக அடித்ததைச் சொன்னார். யார் அவர்கள் என்று கேட்டார்கள், தெரியாது என்றார். ஏன் அடித்தார்கள், அதுவும் தெரியாது. அதிகாரி அவர் பொய் சொல்கிறார் என்று எழுதவில்லை. நடந்தது உண்மைதான், ஆனால் இனத்தாலோ அரசியலாலோ நடந்தது என்று காட்டவில்லை என்று எழுதினார். மேலதிகாரியும் குடியேற்ற நீதிபதியும் அதை ஏற்றார்கள்.

இலங்கைத் தமிழர் யாரையாவது கூப்பிட்டு இந்தப் பேட்டியைக் காட்டினால் அதிகாரி கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்விகள் அவருக்கு உடனே தெரியும். என்ன வண்டியில் வந்தார்கள்? என்ன மொழி பேசினார்கள்? சீருடையா, சாதாரண உடையா? அதற்கு முன் நீங்கள் எந்த வேட்பாளருக்கு வேலை செய்தீர்கள்? கடத்தியவன் பெயர் சொல்லிக்கொண்டா கடத்துவான்? பின்னால் வந்த வக்கீல்கள் இதைத்தான் சொன்னார்கள்: தமிழர்களுக்கு நடந்ததாக ஏற்கனவே பதிவான கடத்தல்களின் அடையாளங்கள் இவர் சொன்னதில் இருந்தன, விசாரித்தவர்களுக்கு அந்த நாட்டைத் தெரியவில்லை. 2019-ல் ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதைக் கவிழ்த்தது. அந்த வாசலில் எழுதப்பட்ட முடிவை வெளியிலிருக்கும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அவருக்கு வழியில்லை என்றது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இன்று அந்தத் தமிழ்ப் பெயரை உருட்டி உருட்டி உச்சரிக்கிறார்கள்.

இந்த வழக்கைப் புது ஊழியர்களுக்கு நான் பாடமாக வைப்பது உச்ச நீதிமன்ற வாதங்களுக்காக அல்ல. அந்த முதல் பேட்டிக்காக. இந்தத் தொழிலில் உள்ள திறமையெல்லாம் கடைசியில் வாக்குமூலம் எடுப்பதில்தான் வந்து நிற்கிறது. ஆட்கள் தமக்கு நடந்ததைச் சட்டத்துக்கு வேண்டிய வரிசையில் சொல்வதில்லை. தாய் இறந்ததிலிருந்து தொடங்குவார்கள். தேதி கேட்டால் திருவிழாவைச் சொல்வார்கள். ஈழத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) மூன்று அமர்வு வரை தான் செய்த வியாபாரத்தைப் பற்றி மட்டுமே பேசினார். நாலாவதில்தான், “பிள்ளை, அவையள் கேட்டால் குடுக்கத்தானே வேணும், குடாமல் இருக்கேலுமே?” என்றார். விடுதலைப் புலிகள் 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்திருந்தாலும் ‘பொருளுதவி’ என்று தஞ்சக் கோரிக்கை அடைபடும். துப்பாக்கி முனையில் கொடுத்தது என்றால் விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது உரிமை அல்ல, அவர்களாகப் பார்த்துச் செய்வது. அவர் அந்த ஒரு வாக்கியத்தை முதல் அமர்வில் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்போம், எங்களிடம் சொல்லாமலே அதிகாரி முன் போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையெல்லாம் யோசிக்கத் தெரிந்தவரே நல்ல பிரதிநிதி. “ஐயா, இதை நாம மறைக்கப் போறதில்ல, சரியா எழுதப் போறோம்” என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்போது என் அறைக்கதவில் ‘புரோகிராம் டைரக்டர்’ என்று போட்டிருக்கிறது. பெரிய கேஸ்களை நான் வாதாடுவேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போவதே குறைந்துவிட்டது. வாரத்தில் ஒரு காலை வேளைதான் என் உண்மையான வேலை. அந்த வாரம் உதவி கேட்டு வந்தவர்களின் குறிப்புகளை மேஜையில் பரப்பி, யாரை எடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது என்று முடிவெடுக்கும் காலை. பத்துப் பேர் வந்திருப்பார்கள், இரண்டு பேருக்கு இடமிருக்கும். சட்டக் கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. ஒருவர் அமெரிக்கா வந்து ஒரு வருடம் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் தஞ்சம் கோரும் விண்ணப்பம் போகாவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, வாசல் மூடிவிடும். இன்னொருவருடைய மகளுக்கு அடுத்த மாதம் 21 முடிகிறது. அதற்குள் அப்பாவின் விண்ணப்பம் போனால் மகளும் அதிலேயே சேரலாம், ஒரு நாள் தாண்டினாலும் அவள் தனி. மூன்றாமவர் எலிசபெத் நகரத்துத் தடுப்புக் காவலில் இருக்கிறார். நாலாவது ஆளின் கேஸ் அத்தனை கச்சிதம், பயிற்சியில் இருக்கும் ஒருவரே ஜெயித்துக் கொடுத்துவிடலாம்.

இந்த நாலாவது கேஸ்தான் ஆபத்து. அதை எடுத்தால் வருடக் கடைசியில் நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கை அழகாக இருக்கும். எத்தனை கேஸ் ஜெயித்தீர்கள் என்று கேட்காத நன்கொடையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கேட்பது தப்பில்லை, பணம் கொடுக்கிறவருக்குக் கணக்கு வேண்டும். ஆனால் வெற்றி விகிதத்தை வைத்து ஒரு திட்டத்தை அளந்தால், அந்தத் திட்டம் தானாகவே எளிய கேஸ்களை நோக்கி நகரும். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்து நகர்வதில்லை. செவிவழிச் செய்தி மாதிரி, இந்த மாதிரி கேஸ் இங்கே எடுக்கமாட்டார்கள் என்று முன்மேஜையிலேயே படிந்துவிடும். பழைய குற்ற வழக்கு இருப்பவர், மனநிலை சரியில்லாதவர், தேதியைத் திருப்பித் திருப்பி மாற்றிச் சொல்கிறவர் எல்லாம் வரவேற்பறையோடு திரும்பிப் போவார்கள். நியூயார்க் திட்டத்தின் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது. 48 என்ற எண்ணைவிட, பொறுக்காமல் எடுத்தார்கள் என்ற விதிதான் பெரிய கண்டுபிடிப்பு. நியூ ஜெர்சி 2018-ல் தடுப்புக் காவலில் உள்ளவர்களுக்காக மாநில நிதியிலிருந்து பணம் ஒதுக்கத் தொடங்கியதும் அதைப் பார்த்துத்தான்.

எங்களைப் போன்ற சிறிய இடத்தில் பொறுக்காமல் எடுக்க முடியாது. ஆகவே ‘இல்லை’ என்று சொல்வதையே ஒழுங்காகச் செய்யக் கற்க வேண்டியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதில்லை என்று ஒரு விதி. உங்கள் கேஸை எங்களால் எடுக்க முடியவில்லை, உங்கள் கடைசித் தேதி இது, இந்தத் தேதிக்குள் இந்தப் படிவம் போக வேண்டும், இந்த மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள் என்று அவர்கள் மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை, வக்கீல் கிடைக்காதவர்களைக் கூட்டி உட்கார வைத்து அவர்களே தஞ்சம் கோரும் ஐ-589 படிவத்தை நிரப்ப உதவுகிறோம். முழு வழக்கையும் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் ஒரு ஆவணத்துக்கு மட்டும் உதவினோம் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்ய 2022 கடைசியில் ஒரு விதி வந்தது. அது வந்தபிறகு இந்தச் சனிக்கிழமைகளுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. இது அரைகுறை உதவி என்று என் சக டைரக்டர்கள் சிலர் சொல்கிறார்கள். அரைகுறைதான். படிவம் மட்டும் போய், ஹியரிங்கில் தனியாக நிற்பவர் தோற்கிறார். ஆனால் ஒரு வருடக் கெடுவைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வக்கீல் கிடைத்தாலும் பயன் குறைவு. கெடுவைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மீதி நேரமெல்லாம் பணம். கூட்டாட்சி அரசின் பொதுச் சட்ட உதவி நிதி வாங்கும் அலுவலகங்கள், பெரும்பாலான ஆவணமற்றவர்களின் கேஸ்களைத் தொடக்கூடாது என்று 1996 முதல் தடை. ஆகவே எங்களுக்கு மாநிலம், நகராட்சி, அறக்கட்டளை, தேவாலயம் என்று துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிபந்தனை. இந்தப் பணத்தில் குடியுரிமை விண்ணப்பம் மட்டும், அந்தப் பணத்தில் குழந்தைகள் மட்டும். நடுவில் ஒரு தாய் வருவாள், அவள் எந்தத் துண்டிலும் பொருந்தமாட்டாள். அவளை எந்தத் துண்டில் பொருத்தலாம் என்று இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எக்செல் பார்ப்பது சட்டமா நிர்வாகமா என்று கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியாது.

2025 இந்தத் துறையை உலுக்கிய வருடம். ஜனவரியில், தடுப்பு மையங்களில் 2003 முதல் நடந்துவந்த சட்ட அறிமுக வகுப்புகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மார்ச் 21 அன்று, பெற்றோர் இல்லாமல் வந்த சுமார் 26,000 குழந்தைகளுக்கு வக்கீல் கொடுத்துவந்த ஒப்பந்தத்தை அரசு முறித்தது. பின்னர் நீதிமன்றங்களில் அதன் மேல் இழுபறி நடந்தது. ஆனால் ஒரு முறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் தீர்ப்பு வந்ததும் எல்லோரும் திரும்பி வந்துவிடுவதில்லை. ஜூலையில் தஞ்சம் கோருவதற்கே 100 டாலர் கட்டணம், வழக்கு நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் இன்னொரு 100 டாலர் என்று சட்டமானது. அதுவரை அது இலவசம். குடியேற்ற நீதிபதிகள் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நிலுவையோ 30 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அந்த மாதங்களில் டைரக்டர் என்ற முறையில் நான் செய்தது வழக்கு நடத்துவது அல்ல. சம்பளம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று ஊழியர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிலர் கிளம்பினார்கள், அவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். அவர்கள் விட்டுப்போன ஃபைல்களை யார் தலையில் வைப்பது என்பதற்கு மறுபடியும் அந்த மேஜை, அந்தக் காலை.

நம் ஆட்கள் இமிக்ரேஷன் லாயர் என்றால் நினைப்பது வேறு உலகத்தை. ஹெச்-1பி, அதன் பிறகு கம்பெனி மூலமாகக் கிரீன் கார்டுக்குப் போகும் பெர்ம், ஐ-140 படிகள். அதுவும் பெரிய தொழில்தான், சம்பளமும் நன்றாக இருக்கும். நூற்றுக்கணக்கான வக்கீல்கள் உள்ள நிறுவனங்கள் அதற்கென்றே இருக்கின்றன. ஹெச்-1பி-க்கு மார்ச் மாதக் குலுக்கல், 85,000 இடம், பிறகு கிரீன் கார்டுக்கு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் வருடக்கணக்கில் நீளும் வரிசை. அங்கே கிளையண்ட் கம்பெனி, அழுவது ஊழியர். இங்கே இரண்டும் ஒரே ஆள். எனக்கு அந்தப் பக்கத்தில் நண்பர்கள் உண்டு, அவர்களுடைய கணினி ஒழுங்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சமீபத்தில் சித்தி மகள் அழைத்தாள். சென்னையில் ஐந்து வருடச் சட்டப் படிப்பின் கடைசியில் இருக்கிறாள். “அக்கா, எனக்கு நீங்க செய்ற வேலைதான் வேணும். எல்.எல்.எம். பண்ணவா, ஜே.டி. பண்ணவா?” என்றாள். ஜே.டி. என்பது அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டம், மூன்று வருடம், கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். இந்தியச் சட்டப் பட்டத்தோடு ஒரு வருட எல்.எல்.எம். சேர்த்து வக்கீலாகப் பதிவதற்கான நியூயார்க் பார் தேர்வு எழுதுகிறவர்கள் நிறைய. குடியேற்றம் கூட்டாட்சிச் சட்டம் என்பதால் எந்த ஒரு மாநிலத்தில் வக்கீலாகப் பதிந்தாலும் நாட்டின் எந்தக் குடியேற்ற நீதிமன்றத்திலும் நிற்கலாம். கேட்க நன்றாக இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. அவளை வேலைக்கு எடுக்கும் தொண்டு நிறுவனம் அவளுக்கு ஹெச்-1பி போட வேண்டும். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நிறுவனமாக இல்லாவிட்டால் எல்லோரையும் போலக் குலுக்கலில் நிற்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த பிரகடனப்படி வெளிநாட்டிலிருந்து நேராக எடுப்பதென்றால் 1,00,000 டாலர் கட்டணம். எங்கள் அலுவலகத்தில் அது இரண்டு பேரின் வருடச் சம்பளத்தை விழுங்கும். குடியேறிகளுக்கு உதவும் அலுவலகம் ஒரு குடியேறியை வேலைக்கு வைக்க முடியாமல் இருப்பதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். பிறகு, “அப்ப நான் என்னதான் பண்றது?” என்றாள்.

“ஸ்பானிஷ் படி.”

“ஸ்பானிஷா? தமிழ் கேஸ் வராதாக்கா?”

வரும், எப்போதாவது. நியூவார்க்கில் ஈக்வடாரும் குவாத்தமாலாவும் ஹோண்டுராசும்தான் தினசரி. ஸ்பானிஷ் தெரியாமல் முன்மேஜையில்கூட உட்கார முடியாது. நானே அதை இங்கே வந்து, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் படித்தேன். ஒருவருக்கு நடந்ததைத் துண்டாக்காமல் கேட்டு வாங்குகிற அளவு மொழி வேண்டும். வினைச்சொல்லில் காலம் தப்பினால் வாக்குமூலத்தில் தேதி தப்பும். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் ஐ-589 படிவத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் இறக்கி, கற்பனையாக ஒரு ஆளை வைத்து முழுதாக நிரப்பி எனக்கு அனுப்பச் சொன்னேன். போன வாரம் வந்தது. மனுதாரரின் முகவரி வரலாற்றில் ஐந்து மாதம் காணவில்லை. எங்கே இருந்தார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.